செக்ரோலில் பேர் விழட்டும்: மலையகப் பல்கலைக்கழகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடிய எழும்பி, மலை ஏறி, அட்டைக் கடியோடும் மழையோடும் கொழுந்து பறித்தாலும், செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழாவிட்டால் அன்றைக்கு நீங்கள் வேலைக்குப் போகவில்லை. பல்கலைக்கழகத்திலும் கணக்கு அதேதான். ஒருவர் உங்களை அடிக்கட்டும், மிரட்டட்டும், கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடிக்கட்டும், எழுத்தில் விழாதவரை அது நடக்கவில்லை.

நான் மலையகத்தில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் 19 வருடமாக வேலை செய்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், என்னைவிடப் பல படி மேலே இருந்த ஒருவர், கோப்பு ஒன்று பிந்திவிட்டதென்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். இரும்பு அலுமாரியில் போய் மோதினேன். அதன் கைபிடி பட்டு முழங்கைக்கு மேலே நீலம் கட்டிவிட்டது. வீட்டில் படியில் விழுந்தேன் என்று சொன்னேன். ஏழு மாதம் கழித்து அதே ஆள் மீது இன்னொரு பெண் முறைப்பாடு கொடுத்தாள். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "உங்களுக்கு நடந்தது எந்தத் திகதி?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி. "நல்ல மழை பெய்த நாள்" என்றேன். எங்கள் ஊரில் எந்த நாளில் மழை இல்லை? அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்றிருக்க வேண்டிய என் சாட்சி அந்த இடத்திலேயே செத்துப்போனது. இன்னொருவருக்கு அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதையெல்லாம் வன்முறை என்று சொல்லலாம்

அடி விழுந்தால்தான் வன்முறை என்று நினைத்துப் பலர் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை எல்லோரும் பகிடிவதைச் சட்டம் என்கிறார்கள், மாணவர்களுக்கு மட்டும் என்று எண்ணுகிறார்கள். அதன் முழுப் பெயரிலேயே கல்வி நிறுவனங்களில் நடக்கும் ஏனைய வன்முறைகளும் அடங்கும். ஒரு மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயம், மனக்காயம், மன வேதனை, பயம் ஆகியவற்றை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய எந்தச் செயலும் அதில் குற்றம். ஊழியருக்கும் என்ற அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். தண்டனை 2 வருடம் வரை சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரை போகும். உடலுக்கோ மானத்துக்கோ சொத்துக்கோ கேடு செய்வேன் என்று மிரட்டுவதற்கு 5 வருடம் வரை.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் எஸ். வரப்பிரகாஷ் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் சட்டம் வந்தது. நம் பிள்ளை ஒருவரின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஊழியர்கள் பக்கம் வன்முறை வராது என்றும் எண்ண வேண்டாம். 2022 டிசம்பரில் பேராதனை வளாகத்துக்குள்ளேயே முன்னாள் துணைவேந்தர் ஒருவரின் வீட்டை மாணவர் கூட்டம் தாக்கியது. அவரும் மகனும் காயப்பட்டார்கள்.

பாலியல் தொல்லைக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் விரும்பாத பாலியல் பேச்சுப் பேசினாலே அந்தப் பிரிவில் குற்றம், தொட்டிருக்க வேண்டியதில்லை. தண்டனை 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். நட்டஈடும் கேட்கலாம்.

சேர்ந்த முதல் வாரம்

நியமனக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரும்போதே ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் தாபனப் பிரிவில் மூன்று விஷயம் கேளுங்கள். ஊழியர் முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது? பாலியல், பால்நிலைத் தொல்லைக்கென்று தனிக் குழு இருக்கிறதா? பாதுகாப்புப் பிரிவின் இரவு நேர இலக்கம் என்ன? "வந்த அன்றைக்கே இதைக் கேட்கிறாளே" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்த இலக்கத்தைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே பொலிஸ் அவசர இலக்கம் 119, இலவச அம்பியுலன்ஸ் 1990, பெண்கள் உதவி இலக்கம் 1938, மனநல உதவி இலக்கம் 1926.

பிறகு நீங்கள் நடக்கப்போகும் வழியை வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். பேராதனையில் கலஹா சந்திக்கோ சரசவி உயன ஸ்டேஷனுக்கோ இறங்கும் பாதை பகலில் எத்தனை அழகோ, பனிமூட்டம் இறங்கிய ஆறரை மணிக்கு அத்தனை தனிமை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவிலும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு இது தெரியும். எந்தக் கட்டடத்தில் காவலாளி இருக்கிறார், எந்த விளக்கு எரியவில்லை என்று பார்த்துவையுங்கள். எரியாத விளக்கைப் பற்றிப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவும் செக்ரோலில் பேர் போடுவதுதான்.

மேசையைக் கதவுக்கு முதுகு காட்டிப் போடாதீர்கள். கோபத்தோடு வருகிறவர் உங்களுக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும்படி இடம் விடாதீர்கள். ஆய்வுகூடத்திலோ களஞ்சிய அறையிலோ ஒருவரோடு தனியே வேலை என்றால் கதவு திறந்திருக்கட்டும், உள்ளே போகும்முன் சக ஊழியர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள், வரவு போதாமல் பரீட்சை எழுத முடியாதவர்களின் பெயர் ஒட்டும் நாள், விடுதி அறை கொடுக்கும் நாள், இந்த நாட்களில் கவுன்டரில் ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது. துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

கண்ணுக்கு முன்னால் சூடேறும்போது

ஒருவர் குரல் உயர்ந்து, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மேசைக்கு மேலே சாய்கிறார் என்றால் அவரிடம் நியாயம் பேசும் நேரம் முடிந்துவிட்டது. எழும்பி நில்லுங்கள், ஆனால் அவருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஓரடி தள்ளி. குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்றது விளங்குது, பெரியவரைக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். அறையும் கோப்பும் கிடக்கட்டும். கூட்டமாக வந்து வாசலை மறித்தால் தனியாளாக வீரம் காட்ட வேண்டாம், பாதுகாப்புப் பிரிவுக்கு எடுங்கள், பின்வாசலால் போங்கள்.

கத்த வேண்டி வந்தால் சுற்றி நிற்கிறவர்களுக்கு விளங்கும் மொழியில் கத்துங்கள். நம் காவலாளிகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. "எப்பா! உதவ் கரண்ண!" (வேண்டாம்! உதவி செய்யுங்கள்!) என்ற சிங்களச் சொற்களை வாய்க்குப் பழக்கிவையுங்கள். பயத்தில் தாய்மொழிதான் வாயில் வரும், அதனால்தான் முன்பே பழகச் சொல்கிறேன்.

அன்றிரவே எழுதுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். தோட்டத்தில் ஒரு பிரச்சினை என்றால் நாம் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்வோம், தலைவர் தோட்ட நிர்வாகியான துரையிடம் கதைப்பார், வாயால் போனது வாயால் திரும்பி வரும். அந்தப் பழக்கம் கம்பஸ் வரைக்கும் நம்மோடு வந்துவிட்டது. சங்கத்துச் சேரிடம் சொல்லிவிட்டேன், மேடத்துக்குத் தெரியும் என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தொழிற்சங்கம் இருந்தால் கட்டாயம் துணைக்குக் கூப்பிடுங்கள். ஆனால் கையில் கடதாசியோடு போங்கள்.

தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் சரியாக வராதே என்று நாளைக் கடத்தாதீர்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. அண்மையில் எங்கள் இடத்தில் ஒரு தங்கச்சி, ஆய்வுகூட உதவியாளர், வரவுத் தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"திங்கள், பி.ப. 3.40 இருக்கும். பொருள் அறை. நான் போத்தல் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, 'நீ மலையில கொழுந்து பறிக்க வேண்டியவ' என்று சொன்னார். என் கையில் இருந்த பதிவுப் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தார். இடது கன்னத்தில் பட்டது. 'ஏன் சேர் எறியிறீங்க' என்றேன். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். வாசலில் துப்புரவு அக்கா நின்றார். 3.55க்கு வீட்டுக்கு போன் எடுத்தேன்."

இவ்வளவுதான். நாள், நேரம், இடம், சொன்ன சொல், செய்த செயல், பார்த்த ஆள், பிறகு என்ன செய்தாள். "கேவலமாக நடத்தினார்" என்று எழுதியிருந்தால் அதை மறுப்பது சுலபம். புத்தகம் இடது கன்னத்தில் பட்டது என்பதை மறுப்பது கஷ்டம். அவர் சிங்களத்தில் திட்டியிருந்தால் சிங்களச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், மொழிபெயர்க்காதீர்கள். சொல்லவே கூசும் வார்த்தையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். கூச்சம் அவருடையது, உங்களுடையது இல்லை.

வந்த வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கோபத்தில் அந்த இலக்கத்தை பிளொக் பண்ணும்முன் அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வேறொரு இடத்துக்கும் அனுப்பிவையுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டுவையுங்கள். முகநூலில் எழுதவே வேண்டாம். விசாரணை முடியும் முன்னால் போடுகிற ஒரு பதிவு, எதிர்த்தரப்பு உங்கள் மேல் மானநஷ்ட வழக்குப் போடக் கொடுக்கிற ஆயுதமாகிவிடும்.

யாரிடம் கொடுப்பது

அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுங்கள். கடிதம் துறைத்தலைவருக்கு, அதன் பிரதிகள் பீடாதிபதிக்கும் பதிவாளருக்கும். உங்களுக்கு அதைச் செய்தவரே துறைத்தலைவர் என்றால் நேரே துணைவேந்தருக்கு, ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகச் சட்டம் அவரிடம்தான் கொடுத்திருக்கிறது. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்த திகதியோடு முத்திரை அடித்து வாங்குங்கள். "வைச்சிட்டுப் போங்க, பாக்கிறோம்" என்றால் மரியாதையாக, "முத்திரை போட்டுத் தந்தால் நல்லது சேர்" என்று அங்கேயே நில்லுங்கள். அப்படியும் தராவிட்டால் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்திவையுங்கள்.

கடிதத்தின் கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். விசாரணை வேண்டும், அது முடியும்வரை அவரோடு ஒரே அறையில் வேலை வேண்டாம். இடமாற்றம் என்று பேச்சு வந்தால் மாற்றப்பட வேண்டியவர் அவர் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முறைப்பாடு கொடுத்த பெண்ணைத் தூக்கி வேறு பீடத்தில் போட்டு, "பாதுகாப்புக்காகத்தானே" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அது பார்க்கிற எல்லோருக்கும் அவள்தான் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறது.

அதன்பின் பொதுவாக முதனிலை விசாரணை நடக்கும். முகாந்திரம் இருந்தால் குற்றப்பத்திரம், பிறகு முறைசார் ஒழுக்காற்று விசாரணை. மாதக்கணக்காகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னைய கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். உள்ளே ஒன்றும் அசையாவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அரச நிறுவனமே உங்கள் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் போக நினைத்தால் காலம் ஒரு மாதம்தான். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தைத் தேடிப்போங்கள், அவை பெரும்பாலும் நீதிமன்றங்களை ஒட்டியே இருக்கின்றன.

ஆஸ்பத்திரியும் பொலிஸும்

அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி. அரச ஆஸ்பத்திரி. பக்கத்து டிஸ்பென்சரியில் மருந்து போட்டுக்கொண்டு வந்தால் வலி குறையும், வழக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. கண்டி, பேராதனை, பதுளை போன்ற பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் சட்ட மருத்துவ அதிகாரி இருக்கிறார். அவருடைய அறிக்கைதான் நீதிமன்றத்தில் உங்கள் காயத்துக்காகப் பேசும். டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டால் நான் அன்றைக்கு வீட்டில் சொன்னதுபோல் படியில் விழுந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். அடித்தார்கள் என்று சொல்லுங்கள், எதனால், எங்கே என்றும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர் எழுதிக்கொள்வார். பிறகு கதையை மாற்றினால் அந்த முதல் வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.

பொலிஸில் என்ட்ரி போடப் போகும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்விசாரணை நடக்கிறதே என்று பொலிஸுக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை, இரண்டும் வேறு வேறு. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரசகரும மொழி. பேராதனையிலும் பதுளையிலும் ஹட்டனிலும் அது ஒன்றுதான். ஆனாலும் பல நிலையங்களில் நீங்கள் தமிழில் சொல்ல, அவர் சிங்களத்தில் எழுதி, கடைசியில் கையொப்பம் போடச் சொல்வார். வாசித்து விளங்காத தாளில் கையொப்பம் போடாதீர்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொண்டுபோன தமிழ்க் கடிதத்தை முறைப்பாட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் வாங்காமல் படி இறங்க வேண்டாம். சில சிறு குற்றங்களை மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். அங்கே போகலாம், ஆனால் இணங்கித்தான் ஆக வேண்டும் என்று உங்களை எவரும் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்

துப்புரவுக்கும் காவலுக்கும் கொன்ட்ராக்ட் கம்பனி மூலம் வந்தவர்களுக்கு: உங்களுக்குச் சம்பளம் தருவது கம்பனி என்றாலும் அடி விழுந்தது வளாகத்துக்குள். கம்பனி சுப்பர்வைசருக்கு ஒரு கடிதம், பதிவாளருக்கு ஒரு கடிதம், இரண்டிலும் முத்திரை. "நாளைக்கு வேலைக்கு வராதே" என்று சொன்னால் அதையும் யார், எப்போது சொன்னார் என்று எழுதிவையுங்கள். எழுதப் பழக்கமில்லை என்றால் அலுவலகத்தில் இருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரிடம் கேளுங்கள். இதை வாசிக்கிற அலுவலகப் பிள்ளைகளே, அந்த அக்கா வந்து கேட்டால் அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொடுங்கள்.

வீட்டிலிருந்து வன்முறை பின்தொடர்ந்து வருகிறவர்களுக்கு: கணவரோ வேறு உறவினரோ கம்பஸ் வாசலில் வந்து நின்று மிரட்டுகிறார் என்றால் அது வீட்டுப் பிரச்சினை என்று மூடிவைக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தரலாம், நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வருவதையும் தடுக்கலாம். கட்டளையின் பிரதி ஒன்றும் அவருடைய படம் ஒன்றும் வாசல் காவலில் இருக்கட்டும்.

பிறகு வரும் நாட்கள்

முறைப்பாடு கொடுத்த பின் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் நல்லவர்கள், உங்களுக்குத் தெரிந்தவர்கள். "பாவம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கு," "நம்ம ஆளுங்க பேர் கெட்டுப்போகும்," "நீ இன்னும் பேர்மனன்ட் ஆகல்லியே." கடைசி வசனம் அறிவுரைபோல் வரும், மிரட்டலாக இருக்கும். யார் எப்போது சொன்னார் என்று குறிப்பில் சேருங்கள். முறைப்பாட்டாளரையோ சாட்சியையோ அச்சுறுத்துவது தனிக் குற்றம், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பும் கேட்கலாம்.

தூக்கம் வராமல் போகும். வேலைக்குப் போகும் பஸ்ஸில் வயிறு புரளும். அது பலவீனம் இல்லை. 1926க்கு எடுத்துக் கதையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லுங்கள்.

சாட்சியாக இருக்க நேர்ந்தவர்களும் அன்றைக்கே எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வையுங்கள். அந்தத் தங்கச்சியின் விஷயத்தில் வாசலில் நின்ற துப்புரவு அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கடைசியில் தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று பேனாவை வாங்கி, நிதானமாக எழுதினார்.

பிரதிகளை எல்லாம் அலுவலக மேசையில் வைக்காதீர்கள். அந்தத் தங்கச்சி முத்திரை அடித்த கடிதத்தை, லயத்து வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறாள்.